மத்தாப்புக்குப் பின்னால் தொலைந்த டவர்

போன சனிக்கிழமை காலை. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடை. ஷட்டர் பாதிதான் தூக்கியிருக்கிறது. உள்ளே ஒருத்தி – வேறு யார், நான்தான் – ஒரு பழைய செல்போனைக் கற்பூரத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓர் அடி வைக்கிறாள்... நிற்கிறாள்... எதையோ முணுமுணுக்கிறாள்... அடுத்த அடி வைக்கிறாள்.

"மைனஸ் எழுபத்தெட்டு... மைனஸ் எண்பத்தஞ்சு... அய்யோ, மைனஸ் தொண்ணூத்தாறு!"

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மாரியக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். எம். புதுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கடை திறக்கிறவர் அவர்தான்.

"என்னம்மா, கடைக்குள்ள காத்துக் கருப்பு ஏதும் இருக்கா? இப்படி மந்திரிச்சிக்கிட்டே நடக்கீக?"

"அதெல்லாம் இல்லக்கா. டவர் எங்க போச்சுன்னு தேடுறேன்."

"அதுவா? அது ஆடி பிறந்ததுமே போயிருச்சே! இனி தீவாளி கழிச்சுத்தான் வரும்."

ஏதோ வெளியூர் போன மாமனாரைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்!

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் வியாதி தெரியும். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் டைல்ஸைப் பார்ப்பார்கள், ஃபால்ஸ் சீலிங்கைப் பார்ப்பார்கள். நான் சிக்னலைப் பார்ப்பேன். விருதுநகர் பக்கத்தில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜில் பாடம் எடுக்கிறேன். பாடம் எடுக்காத நேரமெல்லாம் ரேடியோ அலை எந்தச் சுவரைத் தாண்டுகிறது, எந்த மூலையில் மூச்சை விடுகிறது என்று அளந்துகொண்டு திரிகிறேன். கல்யாண மண்டபத்தில் அளந்திருக்கிறேன். லைப்ரரியில் அளந்திருக்கிறேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதும் அளந்திருக்கிறேன். (சுமார்தான். எக்ஸ்ரே ரூம் பக்கத்தில்.)

அளப்பதற்குப் பெரிய கருவி எல்லாம் வேண்டாம். நம் போனில் தெரியும் நாலு கோடு இருக்கிறதே, அது சும்மா ஆறுதலுக்கு. என்னிடம் இருக்கும் செங்கல் மாதிரியான பழைய கறுப்பு வெள்ளை போனில் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. அதைத் திறந்தால் சிக்னல் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டும். எல்லாம் மைனஸ் கணக்கு. மைனஸ் அறுபது என்றால் எதிராளி மூச்சு விடுவதுகூடக் கேட்கும். மைனஸ் நூறைத் தாண்டினால் 'ஹலோ... ஹலோ... கேக்குதா?' அதற்கும் கீழே போனால் ஹலோவும் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இது தெரிந்தால் இந்த வாரக் கதை முழுக்கப் புரியும்.

சரி, அந்தக் கடையில் எனக்கு என்ன வேலை? அது என் பரமு சித்தியின் கடை.

சித்தப்பா போன பிறகு சித்திதான் ஒற்றை ஆளாக நடத்துகிறார். ஒரே மகள் ராஜி. என்னைவிட இரண்டு வயது சின்னவள். கல்யாணமாகி நாக்பூரில் இருக்கிறாள். கூட்டுக் குடும்பம். காலையில் சமையல், ராத்திரியில் ஹால் நிறைய ஆட்கள். அவளுக்கென்று கிடைப்பது மதியம் எல்லோரும் கண்ணயரும் நேரம்தான். மொட்டை மாடிக்குப் போய் அம்மாவுக்கு போன் போடுவாள்.

அந்த நேரம் சித்தி கல்லாவில் இருப்பார். சீசனில் கல்லாவை விட்டுவிட்டு எங்கே போவது? ஆனால் கல்லாவில் டவர் கிடையாது. அதனால் என்ன செய்வார்? எப்போதாவது ஒரு கோடு எட்டிப் பார்த்து மிஸ்டு கால் என்று காட்டியதும் வாசற்படி வரைக்கும் ஓடி வருவார். ஒரு கண் கல்லாவில், ஒரு காது போனில். எதிரே லாரியில் லோடு ஏறிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கடையில் பேரம் நடக்கும். அந்தச் சத்தத்தில் மெதுவாகப் பேச முடியுமா?

"என்னடி சொல்ற? உங்க மாமியா என்ன சொன்னா? சத்தமாச் சொல்லு!"

மொத்த பஜாருக்கும் ராஜியின் மாமியார் என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும்.

லேண்ட்லைன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆர்டர் மேல் ஆர்டர் வந்து எப்போதும் பிஸி. தப்பித் தவறி ஓய்ந்தாலும் அதற்குப் பின்னறையில் ஒரு பேரலல் கனெக்‌ஷன் உண்டு. கணக்குப்பிள்ளை 'யாரு, இந்தூர் பார்ட்டியா?' என்று நடுவில் நுழைவார்.

ஆவணியில் ஒரு நாள் சித்தி வாசற்படியில் நின்று, "அவ கெடக்கா, நீ வாயை மூடிக்கிட்டு இராத!" என்று ஒரே ஒரு வாக்கியம்தான் கத்தினார். எதிர்க் கடை காலண்டர் அண்ணாச்சிக்கு அது கேட்டது. அண்ணாச்சியின் மச்சினருக்குச் சாத்தூர். அந்தச் சாத்தூர் வீட்டில் பெண் எடுத்தவர்கள் ராஜியின் புகுந்த வீட்டுக்குச் சொந்தம். அடுத்த வாரமே வாக்கியம் நாக்பூரில் டெலிவரி ஆகிவிட்டது – ஒரு எழுத்துகூடக் குறையாமல். என்ன ஒரு கவரேஜ்! எந்த கம்பெனியால் இப்படி நெட்வொர்க் கொடுக்க முடியும்?

அதிலிருந்து ராஜி பேச்சைக் குறைத்துவிட்டாள். 'சாப்பிட்டியா, நல்லாயிருக்கியா' என்பதோடு சரி. போன வாரம் சித்தி அழுத்திக் கேட்டதற்கு அவள் சொன்னாளாம்: "உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா. ஆனா ரோட்டுல நிக்கிறவகிட்ட சொல்ல மாட்டேன். உன் சீட்டுல உக்காந்து பேசுற அன்னைக்குச் சொல்றேன்."

அன்று ராத்திரியே சித்தி எனக்கு போன் போட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நீ என்னமோ டவரை அளக்குற படிப்பு படிச்சிருக்கியாமே. வந்து பாரு. நல்ல விஷயமா, கெட்ட விஷயமான்னுகூடச் சொல்ல மாட்டேங்கிறா. எனக்குச் சோறு இறங்கல."

இதற்கு மேல் என்ன வேண்டும்? சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன்.

கம்பெனியில் சொல்லிப் பார்க்கவில்லையா என்றால், சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷமாகச் சொல்கிறார். சீசனில் புகார் கொடுத்தால் ஆள் வர மாசி மாதம் ஆகும். மாசியில் வந்த தம்பி கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். டவர் முழுசாக இருக்கிறது! "உங்க ஹேண்ட்செட்தான் சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சித்தி உடனே கலர் ஸ்கிரீன் போன் வாங்கினார். மறுபடி ஆடி பிறந்தது. கலராக டவர் காணாமல் போனது.

பஜாரில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. காலண்டர் அண்ணாச்சி நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "சீசன்ல ஊர் பூரா போன் பேசுது. டவர் எம்புட்டைத்தான் தாங்கும்?"

நல்ல விளக்கம்தான். ஆனால் நான் வந்தது காலை ஏழு மணிக்கு. பஜாரே கொட்டாவி விடுகிற நேரம். அப்போதும் கல்லாவில் மைனஸ் நூற்று ஏழு. வாசற்படியிலோ மைனஸ் அறுபத்தெட்டு. ரோட்டுக்கு அந்தப் பக்கம், அண்ணாச்சி கடை மாடிக்குப் பின்னால் டவர் கம்பீரமாக நிற்கிறது. பத்துப் பதினைந்து எட்டில் சிக்னல் செத்துப் போகிறது என்றால், கூட்டம் காரணமில்லை. கடைக்குள் ஏதோ ஒன்று அதை விழுங்குகிறது!

சுவரா? சுவர் மாசியிலும் அதே சுவர்தான். ஷட்டரா? அதுவும் அதேதான். ஆட்களா? மனித உடம்பும் சிக்னலைக் குடிக்கும், உண்மை. ஆனால் உள்ளே இருந்தது நானும் மாரியக்காவும்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒல்லி.

அப்படியென்றால் ஆடிக்கு வந்து தீபாவளிக்குப் போவது எது? சரக்கு!

கடை அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நுழைந்ததும் நேரே தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு பெரிய ராக். ஓரமாக ஆள் போக வழி. ராக்குக்குப் பின்னால் சித்தியின் கல்லா. மாசியில் ராக் காலி, எலும்புக்கூடு மாதிரி. ஆடியில் அது நிறைந்து சுவராகிவிடும். என்ன சரக்கு? கம்பி மத்தாப்பு. எல்லோரும் கேட்பது அதுதான் என்பதால் முன்னால் அதற்குத்தான் இடம்.

கம்பி மத்தாப்பு! கம்பி! ஒரு பெட்டிக்குள் வரிசையாக இரும்புக் கம்பி. ஒரு ராக் நிறையப் பெட்டி. சித்தி தன் முன்னால் ஓர் இரும்புத் திரையைக் கட்டி வைத்துக்கொண்டு, டவர் இல்லை டவர் இல்லை என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே உற்சாகம் வடிந்தது. காரணம் தெரிந்து என்ன பண்ண? சீசனில் மத்தாப்பை எடுத்து எங்கே வைப்பது? மற்ற மூலையெல்லாம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. 'சித்தி, தீபாவளி வரைக்கும் மத்தாப்பு விற்காதீங்க' என்றா சொல்ல முடியும்?

சரி, அளக்க வந்ததை அளந்து முடிப்போம் என்று ராக்கின் பின்பக்கமாகவே அடி அடியாக நகர்ந்தேன். மைனஸ் நூற்று ஆறு. நூற்று ஐந்து. நூற்று ஏழு. ஒரு சாண் நகர்ந்தாலே எண் கொஞ்சம் குதிக்கும். அலை அங்கே இங்கே மோதித் திரும்பி வருவதால் அப்படித்தான். அதனால் ஓரிடத்தில் போனைச் சும்மா ஆட்டிப் பார்த்து நடு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். நூற்று ஆறு... நூற்று ஆறு... தொண்ணூற்று இரண்டு.

என்னது?

பின்னால் போனேன். நூற்று ஆறு. முன்னால் வந்தேன். தொண்ணூற்று இரண்டு. ராக்கில் அந்த ஒரு கட்டத்துக்குப் பின்னால் மட்டும் சிக்னல் ஜன்னல் திறந்த மாதிரி வருகிறது. அங்கேயும் கம்பி மத்தாப்புதான். அதே சைஸ். அதே எண்ணிக்கை.

நான் அந்தக் கட்டத்தையே முறைத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு மாரியக்கா அவசரமாக வந்தார். முகம் மாறிவிட்டது.

"அம்மா... அது நேத்துக் கடைசியா வந்த லோடு. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு அப்படியே படுக்க அடுக்கிட்டுப் போயிட்டேன். இப்ப நிமித்தி வச்சிருவேன். உங்க சித்திகிட்ட சொல்லிராதீக."

படுக்க!

அப்போதுதான் பார்த்தேன். ராக் முழுக்கப் பெட்டிகள் புத்தகம் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. உள்ளே கம்பிகளும் நிமிர்ந்தே நிற்கும். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பெட்டி படுத்திருக்கிறது. கம்பியும் படுத்திருக்கிறது.

"அக்கா, நிமித்துங்க!"

நிமிர்த்தினார். மைனஸ் நூற்று ஆறு.

"படுக்க வைங்க!"

மைனஸ் தொண்ணூற்று இரண்டு.

"நிமித்துங்க!"

"என்னம்மா, தண்டனையா?"

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்காவது புரிய வைக்கிறேன்.

அண்ணாச்சி கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த டவரிலிருந்து வரும் அலை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு வருகிறது. ஜன்னல் கம்பி செங்குத்தாக இருந்தால் செங்குத்தான அலை நடுவில் நழுவிப் போய்விடும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் முதல் வருஷம் பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன். நேர் எதிர்! கம்பிக்குள் இருக்கும் எலக்ட்ரான்களை ஒரு முடுக்குச் சந்துக்குள் விளையாடும் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடுக்கின் நீளவாக்கில் விரட்டினால் ஓடும். குறுக்குவாக்கில் விரட்டினால்? இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் எங்கே ஓட இடம்? கம்பி நிமிர்ந்து நின்றால், மேலும் கீழும் ஆடி வரும் அலை அவற்றை நீளவாக்கில் ஓட விடுகிறது. அந்த ஓட்டத்திலேயே அலையின் பலம் போய்விடுகிறது. பாதி திரும்பியும் போகிறது. கம்பி படுத்திருந்தால் ஓட வழியில்லை. அலை 'சரி, நான் வர்றேன்' என்று நடுவில் நடந்து போய்விடுகிறது.

புத்தகத்தில் படம் போட்டுப் படித்தது. பரிசோதனைச் சாலையில் பிரத்தியேகமாகச் செய்த சட்டத்தில் கம்பி கட்டிக் காட்டுவார்கள். அதை ஒரு பட்டாசுக் கடை ராக்கில், மாரியக்கா பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில், இவ்வளவு சுத்தமாகப் பார்ப்பேன் என்று யார் நினைத்தார்கள்!

சித்தி வந்ததும் மூச்சு வாங்கச் சொன்னேன். "ஒரு பெட்டியைக்கூட எடுக்க வேண்டாம் சித்தி. எல்லாத்தையும் படுக்க வச்சிட்டாப் போதும். கல்லாவுக்கு டவர் வந்துரும்!"

சித்தி ராக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பெட்டியில என்ன படம்னு பாத்தியா?"

பார்த்தேன். முருகன். வேலோடு, மயிலோடு, ராக் முழுக்க நூற்றுக்கணக்கில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"சாமியைப் படுக்கப் போடச் சொல்றியா? நெசமாத்தான் சொல்றியா?"

எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் பேச்சில்லை. லேபிளில் சாமி படம் இருந்தால் தலை மேலே, கால் கீழே. லோடு இறக்கும்போதுகூடத் திருப்பிப் போட மாட்டார்கள். கடைக்குள் காலெடுத்து வைத்ததும் சாமி முகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த ராக்கை வாசலுக்கு நேரே வைத்திருக்கிறார் சித்தி. மாரியக்கா ஏன் அப்படிப் பதறினார் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏன் சித்தி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெருமாளே படுத்துக்கிட்டுத்தானே இருக்காரு?"

"அவரு அவராப் படுத்திருக்காரு. நீ தள்ளிவிட்டுப் படுக்க வைக்கப் பாக்குற!"

காலேஜில் எந்த மாணவனும் இவ்வளவு சுருக்கமாக என்னை மடக்கியதில்லை.

சித்தி கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டார். கையில் கலர் போன். டவர் இல்லாத திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகனை ஒரு பார்வை, போனை ஒரு பார்வை. மகள் ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். நடுவில் நான் ஏன்தான் வந்தேனோ என்று இருந்தது. அறிவியல் வேலையை முடித்துவிட்டது. ஆனால் அது கண்டுபிடித்த வழி இந்தக் கடைக்கு ஒத்துவரவில்லையே!

அப்போது சித்தி திடீரென்று கேட்டார்: "கம்பி படுத்தாப் போதுமா? எந்த மார்க்குன்னு உங்க டவர் பாக்குமா?"

"டவருக்கு மார்க் தெரியாது சித்தி."

"ஏ மாரி! கிழக்குச் செவுத்து ராக்குல முயல் படம் போட்ட மத்தாப்பு இருக்குல்ல? அம்புட்டையும் இங்கன கொண்டாந்து படுக்க அடுக்கு. முருகனை அங்கன கொண்டுபோய் நிமித்தி வையி. வாசல்ல நுழையிறப்ப தெரியிற மாதிரி ஓரத்துல மட்டும் ஒரு வரிசை சாமி நிக்கட்டும்."

"முயலைப் படுக்க வைக்கவா, அம்மா?"

"முயல்தானே, நல்லாத் தூங்கட்டும்!"

நான் சித்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிழக்குச் சுவர் கான்கிரீட். அதன் வழியாக எப்படியும் ஒன்றும் வரப்போவதில்லை. அங்கே கம்பி நின்றால் என்ன, படுத்தால் என்ன! ஓர வரிசையும் கல்லாவுக்கு நேரே வராது. நான் ஒரு பக்கம் படம் வரைந்து யோசித்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லாமல் போனது, எனக்கு எல்லா மத்தாப்பும் ஒரே மத்தாப்பாகத் தெரிந்ததால்தான்.

மூன்று பேருமாக அடுக்கினோம். சித்தியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். வந்த வியாபாரிகள், "என்ன, சீசன் நடுவுல கடையை மாத்துறீக?" என்று கேட்டதற்கு, "முயலுக்குத் தூக்கம் வருதாம்" என்று மாரியக்கா பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் கடைசிப் பெட்டி படுத்தது. நான் செங்கல் போனைக் கல்லா மேல் வைத்தேன். மைனஸ் எண்பத்தொன்பது! நூற்று ஏழு இருந்த இடத்தில்! அலை உள்ளே வந்து மோதித் திசை மாறும், அதனால் வாசலில் கிடைக்கிற மாதிரி கிடைக்காது. பரவாயில்லை. எண்பத்தொன்பதில் ரகசியம் பேசலாம்.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். மாசியில் வந்து அளந்த அந்தத் தம்பி தப்பாக அளக்கவில்லை. சரியாகத்தான் அளந்தார் – காலிக் கடையை. கட்டடம் என்றால் நாம் செங்கல், சிமென்ட், கதவு, ஜன்னல் என்று கணக்குப் போடுகிறோம். உள்ளே என்ன அடுக்கியிருக்கிறது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதைப் படுக்கப் போடக் கூடாது... இது எல்லாம் சேர்ந்துதானே கட்டடம்? வாழாத வீட்டை அளந்துவிட்டு, வாழ்கிறவர்களிடம் 'உங்கள் போன்தான் சரியில்லை' என்று சொல்லிவிடுகிறோம். போன் விஷயத்தில் மட்டுமா?

தத்துவத்தை இதற்கு மேல் வளர்க்க முடியவில்லை. கல்லா மேல் கலர் போன் அடித்தது.

அடித்தது! மிஸ்டு கால் இல்லை. முழுசாக, பாட்டோடு, கல்லாவிலேயே! மாரியக்கா கையிலிருந்த பெட்டியை அணைத்துக்கொண்டார். சித்தி பழக்கதோஷத்தில் எழுந்து வாசலுக்கு ஓடப் போனார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஹலோ..." சித்தியின் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. இந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "ஆமாடி... இல்லடி, ரோட்டுல இல்ல. உள்ள இருக்கேன். என் சீட்டுல... சத்தியமா உக்காந்துதான் இருக்கேன். சத்தம் எதுவும் கேக்குதா பாரு... ம். சொல்லு."

நான் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு ஆவலாக நின்றேன். பின்னே? காலையிலிருந்து இதற்காகத்தானே!

சித்தி போனைக் கையால் பொத்தினார். "நீ எதுக்கு இங்கன நிக்க? வெளிய போ. மாரி, நீயும்."

வெளியே வந்தோம். வாசற்படியில், வெயிலில், இரண்டு பேரும் நின்றோம். ராக்குக்குப் பின்னால் சித்தியின் குரல் முணுமுணுப்பாகக்கூடக் கேட்கவில்லை. காலண்டர் அண்ணாச்சி ரோட்டைக் கடந்து வந்தார்.

"என்னம்மா, உங்க சித்தி இன்னிக்கு இன்னும் வெளிய வரல? பாப்பா போன் பண்ணலையா?"

"பண்ணிட்டா அண்ணாச்சி. உள்ள பேசிக்கிட்டு இருக்காங்க."

"உள்ளயா?" அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ரொம்ப நேரம் கழித்துச் சித்தி வெளியே வந்தார். கண் ஈரமாக இருந்தது. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்க அடக்க மேலே வந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் டீயும் வடையும் சொல்லிவிட்டார் – அண்ணாச்சிக்கும் சேர்த்து.

"என்னவாம்மா? பாப்பா என்ன சொல்லுச்சு?" அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"நல்லாயிருக்காளாம்" என்றார் சித்தி. வடையைப் பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ராஜி என்னதான் சொன்னாள்? எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரியாது. சாத்தூருக்குத் தெரியாது. அளந்ததில் இதைவிடச் சுத்தமான ரிசல்ட் எனக்கு இதுவரை வந்ததில்லை!